பிரித்துப் போட்ட வண்டி

மார்ச் 3, ஞாயிறு

இன்ஜின் வந்துவிட்டது. காலை பத்தரைக்கு ஒரு சின்ன லாரியில், இரண்டு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டு, கியர்பாக்ஸும் வயர்க் கட்டுமாக வந்து இறங்கியது. பின்னாலிருந்து இடி வாங்கிய ஒரு பெரிய காரில் இருந்து கழற்றியதாம். முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று தம்பி நான்கு தடவை சொல்லிவிட்டான். ஆயிரத்து அறுநூறு சிசி. நம் வண்டியில் இருப்பது ஆயிரம். இருபத்திரண்டு வருடத்துச் சின்ன வண்டி; நாலு பேர் ஏறி ஏசியையும் போட்டால் பாலத்து மேட்டில் அதற்கு மூச்சு வாங்கும். "இது கார் இல்லண்ணே, நாலு சக்கரம் வச்ச தையல் மெஷின்" என்று சின்னவன் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தம்பிக்கு வயது நாற்பத்து மூன்று ஆகியும் வீட்டில் அவன் சின்னவன்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுவதற்கு முன்னால் பதினோரு வருடம் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். கை இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் மாற்ற அனுமதிக் காகிதமெல்லாம் அவனே அலைந்து வாங்கிவிட்டான். வேலை செய்யப்போவது எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், ஞாயிறுதோறும்.

என் மனைவி காப்பியோடு வெளியே வந்து பார்த்தாள். "ஓடிட்டிருக்கிற வண்டிய எதுக்குப் பிரிக்கறீங்க?" கணக்கு டீச்சர். காரணம் சொல்லாமல் அவளிடம் தப்பிக்க முடியாது. நல்லவேளை, சின்னவன் முந்திக்கொண்டான்: "அண்ணி, ரெண்டு மாசம் பொறுங்க. அப்புறம் நீங்களே இறங்கமாட்டேம்பீங்க."

நானும் சிரித்தேன்.

பத்து வருடமாக வேண்டாம் என்றவன் போன மாதம் ஏன் சட்டென்று சரி என்றேன்? இங்கேயாவது அதை எழுதவேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 12. கண்ணாடிக்குப் பவர் மாற்றப் போனேன். கண் டாக்டர் அம்மா பவர் பார்த்ததோடு விடவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பைப் பார்த்தார், அப்புறம் ஒரு இருட்டறையில் கிண்ணம் போன்ற மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு கண்ணை மூடி, மோவாயைத் தாங்கியில் வைத்து, நடுவில் இருக்கும் வெளிச்சத்தை மட்டுமே பார்க்கவேண்டும். ஓரத்தில் எங்காவது புள்ளி மினுங்கினால் பட்டனை அமுக்கவேண்டும். வலது கண்ணில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது கண் வந்தபோது நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, "நின்னு போச்சுங்க" என்றும் சொன்னேன். அங்கிருந்த பெண் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

மெஷின் நிற்கவில்லை.

கிளாக்கோமா. இடது கண்ணில் ஓரப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. வலதிலும் கொஞ்சம் தொடங்கியிருக்கிறது. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து. வலிக்கவே இல்லையே என்றேன். "வலிக்காது. அதனாலதான் யாரும் வர்றதில்ல" என்றார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார்.

"வண்டி ஓட்டறீங்களா?"

"எப்பவாவது."

"நிறுத்திடுங்க. இப்போதைக்கு வேண்டாம்."

"கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"நாப்பது தாண்டிட்டாரா? உடனே வந்து பாக்கச் சொல்லுங்க. இது குடும்பத்துல ஓடும்."

சொல்கிறேன் என்றேன். அப்பாவுக்குக் கடைசியில் பார்வை இல்லாமல் போனது நினைவுக்கு வந்தது. வயசாயிடுச்சு, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து, கண் காய்ந்து போகிறதாம், அதற்குச் சொட்டு மருந்து என்று மனைவியிடம் சொன்னேன். அந்த ஞாயிறே சின்னவன் வந்து பழைய பேச்சை எடுத்தான். அதே கம்பெனியின் பெரிய இன்ஜின், நம் வண்டிக்கு அப்படியே உட்காரும், ஒரு இடத்தில் கிடக்கிறது. வாங்கு என்றேன். அவனே திகைத்துப்போனான்.

வண்டி பிரிந்து கிடக்கும்வரை என்னை யாரும் ஓட்டச் சொல்லமாட்டார்கள். இதுதான் காரணம். இவ்வளவுதான்.

தம்பியிடம் சொல்லவேண்டியதை? அதைச் சொன்னால் எல்லாம் சொல்லவேண்டுமே.

மார்ச் 10, ஞாயிறு

பழைய இன்ஜின் வெளியே வந்தது. கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக்கைக் கட்டி, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுத்தான். வண்டியின் முன்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது, பாரம் இறங்கிய ஆள் நிமிர்கிற மாதிரி. வெளியே தொங்கிய இன்ஜின் எவ்வளவு சிறியது! இதை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் போய்வந்தோம்?

இப்படிச் சந்தோஷமாக வேலை செய்து பல வருடம் ஆகிறது. எண்ணெய்க் கையோடு சாப்பிட்டோம். சின்னவன் போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, எது எங்கே என்று சீட்டு எழுதி ஒட்டினான். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவன். ஆனால் வண்டி என்று வந்தால் அவன் கையெழுத்துகூட அழகாகிவிடுகிறது.

ஒரு தடவை இடது பக்கமாக ஸ்பானரை நீட்டியிருக்கிறான். நான் கவனிக்கவில்லை. "என்னண்ணே, கனவா?" என்று என் தோளில் தட்டினான்.

மார்ச் 13, புதன்

ஃபாக்டரியில் தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டேன். இடது முழங்கால். "காலைலேயே ஏத்திட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

புது இன்ஜின் உட்கார மவுண்டிங் தகடு இரண்டு வேண்டும். அதாவது இன்ஜினை வண்டியின் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும் இரும்புத் தகடு. பழையது சேராது. சின்னவன் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, துளைக்குத் துளை நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று அதன் மேலேயே எழுதிக் கொடுத்தான். "உன் ஃபாக்டரியில செஞ்சிடு. அளவு விஷயத்துல உன்ன மாதிரி ஆள் கெடையாது" என்றான். பக்கத்தில் நின்ற இன்ஜின் விற்ற ஆளிடமும் சொன்னான்: "எங்கண்ணன் ஒரு மயிரிழை பிசகினாலும் பொருளத் தூக்கி ஓரமா வச்சிருவாரு."

உண்மைதான். இருபத்தாறு வருடமாக அளவு பார்க்கிறேன். மைக்ரோமீட்டரை நேராகக் கண்ணெதிரே வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தெரிகிறது. பக்கத்தில் வருகிற மனிதன்தான் தெரியவில்லை.

மார்ச் 21, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தகட்டை எடுத்தேன். ஊசியால் கோடு கிழித்தேன். அட்டையில் நூற்று நாற்பத்திரண்டு என்று தெளிவாக இருக்கிறது. நான் நூற்று நாற்பத்தைந்தில் கோடு போட்டேன். தவறிப்போய் இல்லை. அளந்து, சரிபார்த்து, தப்பாகப் போட்டேன். துளை போடுகிறவர் அட்டையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாங்க?" என்றார். சரி என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போட்டுவிட்டார்.

மூன்று மில்லிமீட்டர். இரண்டு வாரம் கிடைக்கும்.

இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதமே வண்டி ஓடிவிடும், அதை நான் எப்படித் தடுக்க? வேற என்ன செய்யறது? சொல்லு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோற விஷயத்துக்கு இரும்புல பொய் அடிச்சு வச்சிருக்கேன்.

மார்ச் 24, ஞாயிறு

சின்னவனின் கட்டைவிரல் நசுங்கிவிட்டது. என்னால்தான்.

தகட்டை வைத்தான். துளை சேரவில்லை. திருப்பி வைத்தான். சட்டத்தை அளந்தான். ஒரு தடவைகூடத் தகட்டை அளக்கவில்லை. "என் அட்டதான் தப்பா இருந்திருக்கும்" என்றான். அரத்தால் துளையைப் பெரிதாக்கலாமா என்று கேட்டான்; வேண்டாம், ஆட்டம் கண்டுவிடும், புதிதாகவே செய்கிறேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு நிமிஷம், கொஞ்சம் நெம்பினா சேந்துரும் போலிருக்கு" என்று கடப்பாரையை விட்டான். சங்கிலியில் தொங்கிய இன்ஜின் ஒரு ஆட்டம் ஆடி வந்தது. இடது கைக் கட்டைவிரல் இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில்.

அவன் கத்தவில்லை. "அண்ணே, சங்கிலி, சங்கிலி" என்று மெதுவாகச் சொன்னான்.

ஐந்து தையல். எலும்புக்கு ஒன்றும் இல்லை. பத்து நாள் வேன் ஓட்டக்கூடாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். "உன் மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? அட்டைய வெட்டினவன் நான்தான."

மார்ச் 27, புதன்

தம்பி மனைவி போன் செய்தாள். "நீங்களாவது சொல்லுங்க மாமா. கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டேங்கறாரு. ஒத்தக் கையால ரேடியேட்டர் பாக்க வர்றேங்கறாரு." சொல்கிறேன் என்றேன். எல்லோரிடமும் சொல்கிறேன் சொல்கிறேன் என்று ஒரு பத்துப் பேருக்காவது சொல்லவேண்டியது பாக்கி இருக்கிறது என்னிடம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தகடுகளைச் சரியாகச் செய்து கொண்டுவந்தேன். நூற்று நாற்பத்திரண்டு. இன்ஜின் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. சின்னவன் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு, மற்ற நான்கு விரலால் போல்ட்டைத் திருப்பினான். "பாத்தியா, உன் கை பட்டா சேரும்."

நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று சொல்லிவிடலாம் என்று அவன் வீடுவரை போனேன். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டுக்கடியில் கிடைத்த ஒரு குட்டிச் செருப்பைக் காட்டி, "யாரோ ஒத்தச் செருப்போட வீட்டுக்குப் போயிருக்குது" என்று சிரித்தான். சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வயரிங். பெரிய காரின் வயர்க் கட்டில் நூறு வயராவது இருக்கும். இதில் பாதிதான் நமக்கு வேண்டும். நிறம் பார்த்துப் பிரிக்கவேண்டும். நான் தடுமாறுவதைப் பார்த்து மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்து நோட்டில் கட்டம் போட்டு, எந்த நிறம் எங்கே போகிறது என்று வரிசையாக எழுதினாள். மூன்று மணி நேரத்தில் முடித்தார்கள். "அண்ணி, நீங்க டீச்சராப் போனது ஒர்க்‌ஷாப்புக்குப் பெரிய நஷ்டம்" என்றான் சின்னவன். "ஒர்க்‌ஷாப்புல லீவு உண்டா?" என்றாள் அவள்.

இருவரும் குனிந்து வேலை செய்வதை ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்காகத்தான் செய்கிறார்கள். நான் ஓட்டுவதற்காக.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஓடிவிட்டது.

முதல் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் சத்தம் போய்விட்டது. அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார், ஏதோ வெடித்துவிட்டதென்று. மனைவி கைதட்டினாள். சின்னவன் என்னைக் கட்டிப்பிடித்தான், சட்டையெல்லாம் எண்ணெய்.

சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "மொதல்ல நீதான் எடுக்கணும்."

பிரேக் என்றேன். பெரிய இன்ஜின், பழைய பிரேக், நிற்காது, அதையும் மாற்றிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். பொய் இல்லை. அவனும் ஒப்புக்கொண்டான். "அவசரத்துல மறந்தே போயிட்டேன் பாரு. இதுக்குத்தான் பெரியவங்க வேணுங்கறது" என்றான்.

உண்மையைக்கூட இப்போது பொய்க்காகத்தான் பேசுகிறேன்.

மே 5, ஞாயிறு

பிரேக் மாட்டியாகிவிட்டது. இனிமேல் சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

மே 9, வியாழன்

நடந்து போகும்போது ஒத்திகை பார்க்கிறேன். இடது பக்கம் தலையை நன்றாகத் திருப்பினால் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. ஓட்டும்போதும் இதேபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தால் என்ன? ஒரே ஒரு தடவை. தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டால் அவனுக்கும் ஆசை தீர்ந்துவிடும், அப்புறம் முதுகு வலி அது இது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிவிட்டது. இல்லை, மூன்று மாதம்.

மே 12, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. சின்னவன் பக்கத்து சீட்டில். மனைவி வாசலில் நின்று கையாட்டினாள். தெருவில் ஒன்றும் ஆகவில்லை. முனையில் நிறுத்தினேன். இடது பக்கம் தலையைத் திருப்பினேன். யாரும் இல்லை. வலது பக்கம் பார்த்தேன். ஒரு பஸ் போகட்டும் என்று நின்றேன். பஸ் போனது. மறுபடி இடது பக்கம் திருப்பவில்லை. முன்னமே பார்த்தாகிவிட்டதே என்ற நினைப்பு. பழைய இன்ஜினுக்குப் பழகிய கால்; அதே அழுத்து அழுத்தினேன். வண்டி பாய்ந்தது.

"அண்ணே!"

சின்னவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டான். நானும் எதையோ மிதித்தேன். நின்றுவிட்டது.

வண்டிக்கு முன்னால் ஒரு பெண், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. சைக்கிளின் பின்சீட்டில் ஒரு பெண்குழந்தை. என் பம்பருக்கும் அந்தச் சைக்கிள் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். குழந்தையின் கால் என் பம்பர் பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? காற்றில் இருந்து வந்த மாதிரி இருந்தது எனக்கு. நடந்துதான் வந்திருக்கிறார்கள். என் இடது பக்கமாக, எல்லோரும் வருகிற மாதிரி.

அந்தப் பெண் பானட்டில் ஓங்கி அடித்தாள். "கண்ணு தெரியல உனக்கு?"

சின்னவன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, நீயும் பாத்து—" என்று தொடங்கினான்.

"தெரியலம்மா" என்றேன்.

என் வாயிலிருந்து தானாக வந்தது. "எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியலம்மா. மன்னிச்சிரு."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, குழந்தையை இறக்கி இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். சின்னவன் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடம் மாறி உட்கார்ந்தோம். வண்டியை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்துவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றான்.

எல்லாம் சொன்னேன். பிப்ரவரி, மெஷின், சொட்டு மருந்து, வண்டி ஓட்டக்கூடாது என்றது. கடைசியாக டாக்டர் அவனைப் பற்றிச் சொன்னதையும்.

ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தான். பிறகு விரல் விட்டு எண்ணினான், அந்தத் தையல் போட்ட விரலில் இருந்து. "மார்ச். ஏப்ரல். மே." அப்புறம் சொன்னான்: "தெனம் காலைல பத்தொம்பது பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேண்ணே. உனக்குத் தெரியாதா?"

அந்தச் சைக்கிள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? உன் கண்ணுக்கு நான் சிரிச்சிருப்பேனா?"

வீட்டுவாசலில் வண்டியை விட்டு, சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு நடந்தே போய்விட்டான்.

மே 13, திங்கள்

மனைவியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறேழு மாசமா நான் ஒண்ணு நீட்டினா நீங்க வாங்கமாட்டீங்க. பக்கத்துல வந்து நின்னா திரும்பமாட்டீங்க. என்னப் பாக்கவே பிடிக்கலையோன்னு நெனச்சிட்டிருந்தேன். அத உங்ககிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு."

அதற்கப்புறம்தான் அழுதாள். நானும்.

இதை நான் யோசிக்கவே இல்லை. என் பயத்தை மூடி வைத்தால் என்னோடு போயிற்று என்று இருந்தேன். அவளுக்குள் இது வேறு என்னவாகவோ வளர்ந்துகொண்டு இருந்திருக்கிறது.

மே 19, ஞாயிறு

சின்னவன் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கொட்டகையில் அவனுடைய ஸ்பானர்கள் வரிசையாக இருக்கின்றன.

மே 22, புதன்

தம்பி மனைவி போன் செய்தாள். அவன் மறுநாளே சம்மர் கிளாஸ் வேனுக்கு லீவு சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அவனுக்கும் இருக்கிறது. அழுத்தம் அதிகம், நரம்பில் ஆரம்பம். ஆனால் ஓரப் பார்வை முழுசாக இருக்கிறது, ஒன்றும் போகவில்லை. சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டால் போதும், வண்டி ஓட்டத் தடை இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாங்களாம் மாமா."

பிப்ரவரியிலேயே வந்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. நல்ல பெண்.

மே 26, ஞாயிறு

பஸ்ஸில் போய் இறங்கி, அவன் வீட்டுக்குப் போனேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

கூடத்தில் உட்கார்ந்திருந்தான். "வா" என்றான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், என் வலது பக்கம். அதைக் கவனித்தேன்.

மார்ச் மாதத்துத் தகட்டைப் பற்றிச் சொன்னேன். அட்டை சரியாகத்தான் இருந்தது, நான்தான் வேண்டுமென்றே மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட்டேன் என்றேன்.

முதலில் புரியவில்லை அவனுக்கு. "வேணும்னேவா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு கட்டைவிரலைப் பார்த்தான். நகம் புதிதாக, கோணலாக வளர்ந்திருக்கிறது.

"கண்ணு விஷயத்த மறைச்ச. பயந்துட்ட, சரின்னு மனசத் தேத்திக்கிட்டேன். இது என்னண்ணே?" குரல் உடைந்துவிட்டது. "ஊர் பூரா உன் அளவப் பத்திப் பேசிட்டுத் திரியறேன் நான்."

எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தான். "இப்ப நீ போ. அப்புறம் பாக்கலாம்" என்றான்.

பஸ் ஸ்டாப் வரை அவன் மனைவி கூட வந்தாள். சாலையைக் கடக்கும்போது என் இடது பக்கமாக நடந்தாள். அவனா சொல்லி அனுப்பினான்? கேட்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஃபாக்டரியில் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று தயாராகத்தான் போனேன். அவர் தரையில் தள்ளுவண்டிகள் போகும் பாதைக்கு மஞ்சள் கோடு போடச் சொல்லி, என் மேசையைச் சுவரோரம் மாற்றிவிட்டார். "அளவு சரியாப் பாக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். அந்தத் தகட்டை நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவருக்கு அது தெரியாது.

ஜூன் 9, ஞாயிறு

மனைவி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி வருகிறாள், குண்டாக, எதற்கும் அசராதவள். பயிற்சி வண்டியில் பழகிவிட்டு இன்று நம் வண்டியை எடுத்தார்கள். கிளட்ச்சை விட்டதும் ஒரு துள்ளல், அப்புறம் அணைந்துவிட்டது. எட்டு தடவை. "என்ன டீச்சர், வண்டிக்குள்ள குதிரைய வச்சிருக்கீங்களா?" என்றாளாம் அந்த அம்மா. மனைவி வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரேக் மட்டும் ரொம்ப நல்லா பிடிக்குதுங்க" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் அறையைப் பார்த்தேன். செய்யக்கூடாது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். கறுப்பாகத் தெரியும் என்று நினைப்பார்கள். இல்லை. கறுப்பே இல்லை. கதவு இருக்கவேண்டிய இடத்தில் சும்மா சுவர்தான் இருக்கிறது. இல்லாததை மூளை இட்டு நிரப்பிவிடுகிறதாம். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். சின்னவனுக்குச் செய்தி அனுப்பினாளாம். ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறான். தகட்டு விஷயத்தை அவளிடமும் சொல்லியிருந்தேன்; படத்தைக் காட்டிவிட்டு, "வேணும்னே அனுப்பியிருக்கமாட்டாருங்க" என்றாள் அவசரமாக.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆறு மாதப் பரிசோதனை. மனைவி அரை நாள் லீவு போட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பின்னால் எடுத்து நிறுத்த ஐந்து நிமிடம் ஆயிற்று; காவலாளி விசில் அடித்துக்கொண்டே இருந்தார், இவள் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு சீட்டுப் போடப் போனாள்.

பெஞ்சில் இடது பக்கம் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். யாரென்று திரும்பவில்லை. தோள் என் தோளில் பட்டது.

"நான்தான்" என்றான்.

அவனுக்கும் இன்றுதான் முறை. மூன்று மாதம் ஆகிவிட்டது. "லீவு போட்டியா?" என்றேன். "பசங்களுக்கு நாலு மணி வரைக்கும் பள்ளிக்கூடம், மூணு மணி வரைக்கும் ஃப்ரீ" என்றான். எதிர்ச் சுவரில் இருந்த பெரிய கண் படத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். "பதட்டத்துல பட்டன சும்மா சும்மா அமுக்காத. தெரிஞ்சா மட்டும் அமுக்கு" என்றான்.

"சரி."

"தெரியலன்னா தெரியலன்னு இருக்கட்டும்."

அதே கிண்ணம், அதே இருட்டு. இடது கண்ணில் மறுபடி அந்த நீண்ட இடைவெளி வந்தது. மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்கவில்லை. காத்திருந்தேன்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிப்ரவரியில் எப்படியோ அப்படியே இருக்கிறது, கூடவில்லை என்றார். அவனுக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது.

வெளியே வந்தபோது மனைவி, "வாங்க தம்பி, வேன் ஸ்டாண்டுல விட்டுடறேன்" என்றாள். அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான், டயரை ஒரு தட்டு தட்டினான், பின்சீட்டில் ஏறினான். நான் முன்னால். அவள் இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தாள். இன்ஜின் முறுக்கிக்கொண்டு கத்தியது. இரண்டு சிக்னல் வரை பொறுத்துக்கொண்டான். அதற்குமேல் முடியவில்லை அவனால். என் சீட்டுக்கும் அவள் சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினான்.

"அண்ணி, மூணு போடுங்க. கத்துது பாருங்க. அண்ணே, நீ எப்படி இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு சும்மா வர்ற? சொல்லிக் குடுக்க மாட்டியா?"

மூன்று போட்டாள். சத்தம் அடங்கியது. ஸ்டாண்டு வந்தும் அவன் இறங்கவில்லை.